இயந்திரத்தின் மீது சந்தேகம் வந்தால் எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும்?

தேர்தல் முடிவு வெளியான சில நாள்களுக்குப் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி என்று எந்தப் பக்கம் போனாலும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றிய பேச்சு ஓயாது. தோற்ற கட்சிக்காரர் இயந்திரத்தைச் சந்தேகிப்பார். வென்ற கட்சிக்காரர் அந்தச் சந்தேகத்தை ஒதுக்கித் தள்ளுவார். அடுத்த தேர்தலில் இருவரும் இடம் மாறிக்கொள்வதும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்த காலத்தில் வாக்குப்பதிவு அலுவலராகவும், பின்னர் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும், வாக்கு எண்ணும் மேசையில் உதவியாளராகவும் பணியாற்றியவள் நான். பணி ஓய்வுக்குப் பிறகு, வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த தெருப் பிள்ளைகளும் உறவுக்காரப் பிள்ளைகளும் வேட்பாளர்களின் முகவராகச் சாவடிக்குப் போவதற்கு முன் என்னிடம் வந்து விவரம் கேட்டுப் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். இயந்திரத்தின் சில்லுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு எந்த வாக்குச்சாவடியிலும் விடை கிடைக்காது. ஆனால் இந்தச் சாவடியில் இன்று பதிவான வாக்குகள் குறையாமல் கூடாமல் எண்ணும் மேசைக்கு வந்து சேர்ந்தனவா என்பதற்கு விடை உண்டு. அந்த விடை காகிதத்தில் இருக்கிறது; அதை வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான் குறைவு.

நான் முதன்முதலாகத் தேர்தல் பணிக்குப் போனபோது காகித வாக்குச்சீட்டுதான். மை உலருமுன் மடித்ததால் எதிர்ப்புறச் சின்னத்திலும் பதிந்துவிட்ட சீட்டுகள், இரண்டு சின்னங்களுக்கு நடுவில் குத்திய சீட்டுகள், முத்திரைக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்த சீட்டுகள் என்று செல்லாத வாக்குகள் கட்டுக்கட்டாகச் சேரும். 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது. கும்பலாக உள்ளே புகுந்து சீட்டுக் கட்டைப் பறித்துக் குத்திப் போடுவதைப் பற்றி மூத்த ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இயந்திரத்தில் ஒவ்வொரு வாக்குக்கும் அலுவலர் தனியாகப் பொத்தானை அழுத்தித் திறந்துவிட வேண்டும்; ஆபத்தென்று தோன்றினால் குளோஸ் பொத்தானை அழுத்தினால் போதும், அதன்பின் ஒரு வாக்கும் ஏறாது. அந்த வகையில் இயந்திரம் எங்களுக்குப் பெரிய பாதுகாப்பாக வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அது எளிதில் வந்ததும் இல்லை. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் சில சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாதென்றது. பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவைச் சேர்த்து வழி செய்தார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் இயந்திரம் வந்தது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன அ.தி.மு.க.வே அந்தத் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தது. 2004-இல் நாடு முழுவதும் 543 தொகுதிகளிலும் இயந்திரம்தான்.

முகவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தங்கள் வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்குவதில்லை என்பதே. வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, அதாவது ஏழு மணி வாக்குப்பதிவென்றால் ஐந்தரைக்கு, மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் முகவர்களாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு நாங்கள் தொடங்கிவிடலாம். நான் போன கிராமங்களில் அந்த நேரத்தில் வந்து நின்றவர்கள் பெரும்பாலும் இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்கள் மட்டுமே. சுயேச்சைகளின் முகவர்களும் சிறிய கட்சிகளின் முகவர்களும் எட்டு மணிக்குமேல் வந்து, முடிந்துபோன ஒன்றுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போடக் கேட்பார்கள். இயந்திரத்தைப் பற்றிப் பின்னால் அதிகம் பேசுகிறவர்களும் அவர்களே என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு, பிறகு எந்தச் சாவடிக்கு என்பதைக் கணினிக் குலுக்கலில் இரண்டு கட்டமாக முடிவுசெய்கிறார்கள். வரிசை எண்களின் பட்டியல் வேட்பாளர்களுக்குக் கொடுக்கப்படும். அந்தப் பட்டியலில் உங்கள் சாவடிக்கான வரியை எழுதிக்கொண்டு வந்து, அலுவலரின் மேசையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, வாக்காளர் பொத்தானை அழுத்தும் வாக்குப்பதிவுக் கருவி, அழுத்திய சின்னத்தைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் மூன்றின் எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு தொடக்கத்தில் எல்லாம் பூச்சியம் என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். விவிபாட்டின் சீட்டு விழும் பெட்டி காலியாக இருப்பதையும் பாருங்கள். குறைந்தது 50 வாக்குகள் பதிவாக வேண்டும்; நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானும் ஒரு முறையாவது அழுத்தப்பட வேண்டும். யார் யாருக்கு எத்தனை என்று ஒருவர் தாளில் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். முடிந்ததும் கருவி காட்டும் முடிவு, விழுந்த சீட்டுகள், உங்கள் கோடுகள் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அதன்பின் கிளியர் பொத்தானை அழுத்தி மீண்டும் பூச்சியம் காட்டப்படும். மாதிரிச் சீட்டுகளின் பின்புறம் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் இட்டு மூடுவார்கள்.

இந்த கிளியர் பொத்தானைக் கண்ணால் காணாமல் எந்த முகவரும் மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் கையெழுத்திடக் கூடாது. மாதிரி வாக்குகள் அழிக்கப்படாமல் உண்மை வாக்குகளோடு கலந்துவிட்டால், அந்த இயந்திரத்தின் எண்ணிக்கை சாவடியின் வாக்குக் கணக்குப் படிவத்தோடு ஒத்துவராது. எண்ணும் நாளில் அதை ஒதுக்கிவைத்து, வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால் விவிபாட் சீட்டுகளை எண்ண வேண்டிவரும். களைப்பும் அவசரமும் சேர்ந்து உண்டாக்கும் இந்தத் தவறு வெளியில் தெரியவரும்போது, மோசடி என்ற பெயரில்தான் ஊருக்குள் பரவும். கிளியர் ஆனபின் ரிசல்ட் பொத்தானுக்குமேல் பச்சைக் காகித முத்திரை பொருத்தப்படும். அதன் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதில் முகவர்களும் கையெழுத்திடலாம், இட வேண்டும்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு சாவடியில், வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர் என்னிடம், "எம்மா, எதை அமுக்குனாலும் ஒரே ஆளுக்குத்தான் விழுவுதுன்னு சொல்லுதாவளே, நெசமா?" என்று நேராகவே கேட்டார். அப்படியில்லை என்று வாயால் சொல்லி அவரை நம்பவைக்க எனக்கு உரிமையும் இல்லை, அதில் பயனும் இல்லை. பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் விளக்கெரியும், அழுத்திய சின்னம் சீட்டில் ஏழு நொடி தெரியும், பிறகு அறுந்து உள்ளே விழும், அதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். திரும்பி வரும்போது, "பாத்துட்டேன்மா, நான் போட்டதுதான் தெரிஞ்சுது" என்றார். அவருக்குப் பின்னால் வந்த பலரைக் கேட்டபோது, சிவப்பு விளக்கையும் பீப் ஒலியையும் கவனித்துவிட்டுச் சீட்டைப் பார்க்காமலே வந்திருந்தார்கள். ஏழு நொடி என்பது கண் மங்கியவர்களுக்குப் போதாது. அந்தக் கண்ணாடி கருமையாக்கப்பட்டிருப்பதால் விளக்கெரியும் நேரம் தவிர உள்ளே ஒன்றும் தெரியாது என்ற குறையும், எல்லா விவிபாட் சீட்டுகளையும் எண்ணக் கோரிய 2024 வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் எழுப்பப்பட்டது. அந்தக் குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆகவே வரிசையில் நிற்கும்போதே, விரலை எடுத்ததும் கண்ணைப் பக்கத்துப் பெட்டிக்குக் கொண்டுபோகச் சொல்லி வீட்டுப் பெரியவர்களைப் பழக்குங்கள்.

அழுத்திய சின்னம் ஒன்று, சீட்டில் வந்தது வேறொன்று என்றால், வாக்காளர் அங்கேயே தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். தேர்தல் நடத்தை விதிகளில் 49எம்ஏ விதிப்படி எழுத்தில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, முகவர்கள் முன்னிலையில் அவரைச் சோதனை வாக்களிக்கச் செய்வோம். புகார் உண்மையென்றால் வாக்குப்பதிவு உடனே நிறுத்தப்படும். பொய்யென்றால் தண்டனை உண்டு என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டியது எங்கள் கடமை. இந்த எச்சரிக்கையைப் படித்துக் காட்டும்போது, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் என்ன செய்வார்? பேசாமல் வெளியேறிவிடுவார். ஒரு முறை நடந்த கோளாறு அடுத்த முறையும் நடந்தாக வேண்டும் என்று எந்தக் கருவிக்கும் விதி கிடையாது. ஒரே ஒரு சோதனை வாக்கை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று முடிவுகட்டுவது சரியில்லை. இந்த விதி மாற வேண்டும் என்று பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.

கோளாறுகள் வரத்தான் செய்யும். அவற்றில் பெரும்பாலானவை வெயிலும் வெளிச்சமும் இணைப்புக் கம்பியும் சம்பந்தப்பட்டவை. 2018 மே மாத இடைத்தேர்தல்களில் உத்தரப் பிரதேசத்தின் கைரானாவிலும் மகாராஷ்டிரத்தின் பண்டாரா–கோந்தியாவிலும் பல விவிபாட்டுகள் செயலிழந்தபோது, நேரடி வெளிச்சம் பட்டது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எங்கள் ஊர்ப் பள்ளி வகுப்பறைகளுக்குக் கிழக்கே ஜன்னல் இருந்தால் சித்திரை வெயில் காலையிலேயே மேசைக்கு வந்துவிடும். முதல் நாள் மாலையே மறைப்பு அட்டையை வைக்கும் மூலையைத் தேர்ந்துவிடுங்கள், ட்யூப் லைட்டுக்கு நேர்கீழே வைக்காதீர்கள் என்று புதிதாகத் தலைமை அலுவலராகப் போகும் ஆசிரியர்களுக்குச் சொல்லுவேன். வாக்குப்பதிவு நடக்கும்போது விவிபாட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். கட்டுப்பாட்டுக் கருவியோ வாக்குப்பதிவுக் கருவியோ பழுதானால் மூன்றையும் சேர்த்தே மாற்றி, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வாக்கு என்று மறுபடியும் மாதிரி நடத்த வேண்டும். மண்டல அலுவலரின் வாகனத்தில் புதுக் கருவி வந்திறங்கும் காட்சிதான் "பெட்டியை மாத்திட்டாங்க" என்ற வதந்தியாகக் கிளம்பும். முகவர்கள் வெளியே போய்ச் சத்தம் போடாமல், பழைய எண், புதிய எண், மாற்றிய நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டிய தருணம் அது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, சாவடியின் வாக்குக் கணக்கான 17சி படிவம். வாக்குப்பதிவு முடிந்ததும் டோட்டல் அழுத்தி மொத்தத்தைக் காட்டிவிட்டு, குளோஸ் அழுத்திக் கருவியை மூடுவோம். வாக்காளர் பதிவேடான 17ஏ-வில் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர், கையெழுத்திட்டபின் வாக்களிக்க மறுத்தவர்கள் எத்தனை பேர், இயந்திரத்தில் பதிவானவை எத்தனை, கருவிகளின் எண்கள், முத்திரைகளின் எண்கள் எல்லாம் 17சி-யின் முதல் பகுதியில் ஏறும். அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் அதன் நகலைக் கொடுக்க வேண்டும் என்பது 49எஸ் விதி. இது நாங்கள் காட்டும் சலுகை இல்லை, முகவரின் உரிமை. ஆனால் நாலு மணிக்குமேல் சாவடியில் ஆள் குறையத் தொடங்கும். "டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீங்களே எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்களை எத்தனையோ தடவை நிறுத்தி, நகலைக் கையில் திணித்து அனுப்பியிருக்கிறேன். நாள் முழுவதும் கள்ள ஓட்டைப் பிடிக்க விழித்திருந்துவிட்டுக் கடைசி அரை மணி நேரத்தைக் கைவிடுவது, விளைந்த நெல்லைக் களத்தில் அளக்காமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதற்குச் சமம்.

அந்தத் தாளின் அருமையை 2019 மக்களவைத் தேர்தல் எண்ணிக்கையின்போது அரசு பொறியியல் கல்லூரியில் கண்டேன். எங்கள் மேசைக்கு வந்த ஒரு கருவியின் மொத்த வாக்கு, தன் கையிலுள்ள 17சி நகலோடு ஒத்துவரவில்லை என்று ஒரு முகவர் எழுந்தார். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் இருந்த மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, கூடம் முழுவதும் இரைச்சலானது. மேற்பார்வையாளர் பதற்றப்படாமல், மொத்தத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணை வாசியுங்கள் என்றார். அந்த முகவரிடமிருந்த நகலில் இருந்த எண் வேறு. ஒரே பள்ளியில் அடுத்தடுத்த அறைகளில் இயங்கிய சாவடிகளின் நகல்கள் கைமாறியிருந்தன. அடுத்த சாவடியின் தாளை எடுத்துப் பார்த்தபோது எண்ணும் மொத்தமும் பொருந்தின, அவர் அமர்ந்துவிட்டார். தாள் இல்லாமல் வந்திருந்தால் அந்தச் சந்தேகம் இன்றுவரை ஒரு கதையாக உலவிக்கொண்டிருக்கும். அதனால் முகவர்களுக்குச் சொல்கிறேன்: எண்ணும் மேசையில் முதலில் கருவி எண், அடுத்து முத்திரை எண், அடுத்து மொத்தம், அதன்பிறகுதான் ரிசல்ட். இந்த வரிசை மாறக் கூடாது.

2024 அரியானா சட்டமன்றத் தேர்தல் எண்ணிக்கையில் நாள் முழுவதும் ஓடியபின்னும் சில கருவிகளின் மின்கலம் 99 விழுக்காடு காட்டியதாக எழுந்த புகாருக்கும் இதைத்தான் சொல்வேன். மின்னழுத்தம் 7.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை திரையில் 99 என்றே வரும் என்று தேர்தல் ஆணையம் விளக்கம் தந்தது. விளக்கம் எப்படியிருந்தாலும், வாக்குப்பதிவன்று மாலை திரை காட்டிய அளவை முகவர் தன் தாளில் ஓர் ஓரமாகக் குறித்திருந்தால், எண்ணும் நாளில் ஒப்பிட ஏதாவது ஒன்று கையில் இருந்திருக்கும்.

எங்கள் மாவட்டத்தில் நடந்த மிகப்பெரிய எண்ணிக்கைத் தகராறைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. 2016-இல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. வழக்கின் மையமாக இருந்தவை 203 தபால் வாக்குகள். பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றளித்தது செல்லாது என்று அவை ஒதுக்கப்பட்டிருந்தன. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும், 19, 20, 21-ஆம் சுற்று இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆசிரியர்களாகிய எங்களைப் பொறுத்தவரை அது நெஞ்சில் தைத்த வழக்கு, ஏனென்றால் தேர்தல் பணிக்குப் போகிற நாங்கள் போடுவதும் தபால் வாக்குதான். சான்றொப்பம் யாரிடம் வாங்க வேண்டும் என்பதைப் பயிற்சி வகுப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தை ஒழித்துக் காகிதத்துக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும் என்போர் ராதாபுரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதனால் விமர்சகர்கள் சொல்வது பொய்யாகிவிடாது. 2010-இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்கிரைப் ஆகிய கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்திய இயந்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, திரைப் பகுதியை மாற்றி முடிவைத் திரிக்கலாம் என்று செய்து காட்டினார்கள். கருவியைக் கையில் எடுத்தால்தானே முடியும் என்று அதற்குப் பதில் சொல்கிறார்கள். அப்படியானால் கருவி யார் கையில், எந்த நேரத்தில் இருந்தது என்பதே பாதுகாப்பின் உயிர்நாடி ஆகிறது. சிறப்புத் தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் எண்ணிக்கையின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று 2009-இல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னதை நான் முழுமனதாக ஏற்கிறேன். நம் நாட்டில் அந்த வாய்ப்பைத் தருவது விவிபாட் சீட்டு. ஆனால் 2019 முதல் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை மட்டுமே எண்ணி ஒப்பிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருக்கும் தொகுதிக்கும் 49 வாக்கு வித்தியாசம் வரும் தொகுதிக்கும் அதே ஐந்து எப்படிப் போதும்? வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சாவடிகள் கூட வேண்டும். மிகக் குறைந்தால் எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும். 17சி படிவங்களைச் சாவடிவாரியாகப் பொதுவில் வெளியிடவும் வேண்டும். நாங்கள் கையெழுத்திட்டு ஊர்க்காரர்களுக்கு நகல் கொடுக்கும் தாளில் மறைக்க ஒன்றுமே இல்லை.

எல்லாச் சீட்டுகளையும் எண்ணக் கோரிய மனுவை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும் இரண்டு வாசல்களைத் திறந்தது. வேட்பாளர்களின் சின்னங்களை விவிபாட்டில் ஏற்றும் கருவிகளை முடிவுக்குப் பின் 45 நாள் முத்திரையிட்டுப் பாதுகாக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து விழுக்காடு இயந்திரங்களின் சில்லுகளைச் சோதித்துக் காட்ட வேண்டும். அந்த ஆண்டே பக்கத்து விருதுநகர் மக்களவைத் தொகுதியில் 4,379 வாக்குகளில் தோற்ற தே.மு.தி.க. வேட்பாளர் இந்த வாசலைத் தட்டினார்.

இதற்கெல்லாம் முன்பே, எண்ணும் கூடத்திலேயே திறந்திருக்கும் வாசலை முகவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. 56டி விதிப்படி, எண்ணிக்கை விவரம் வாசிக்கப்பட்டதும், வேட்பாளரோ, அவர் இல்லாதபோது தேர்தல் முகவரோ எண்ணிக்கை முகவரோ, குறிப்பிட்ட சாவடிகளின் விவிபாட் சீட்டுகளை எண்ணும்படி தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுதிக் கேட்கலாம். அவர் காரணத்தை எழுதித்தான் ஏற்கவோ மறுக்கவோ முடியும். சீட்டின் கணக்கு இயந்திரத்தின் கணக்கிலிருந்து மாறுபட்டால் சீட்டே செல்லும். வெற்றிச் சான்றிதழ் கைமாறியபின் மிஞ்சுவது 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கும் தேர்தல் வழக்கு ஒன்றே. ராதாபுரம் வழக்கு எத்தனை ஆண்டு நீண்டது என்பதை நாம் பார்த்தோம். எனவே அந்த விண்ணப்பத்தில் சாவடி எண்ணுக்கும் காரணத்துக்குமான இடத்தை மட்டும் காலியாக விட்டு, மற்றவற்றை முதல் நாள் இரவே எழுதி எடுத்துக்கொண்டு போகும்படி என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கூடத்துக்குள் முகவர்கள் கைபேசி கொண்டுபோக முடியாது. ஆகையால் 17சி நகல்களையும் படமாக எடுத்து வைத்ததோடு விட்டுவிடாமல், சாவடி எண் வரிசைப்படி அடுக்கிக் காகிதமாகவே கையில் வைத்திருக்க வேண்டும்.